ஒரு சாம்பிள் பீஸ் போட்டுப் பாருங்க

பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் 'கம்ஃபர்ட் ஸோன்'ங்கிற வார்த்தை அத்துப்படியா இருக்கும். அப்ரைசல் நேரத்துல மேனேஜர் வாயிலேருந்து கண்டிப்பா வரும். ட்ரெயினிங் எடுக்க வர்றவர் போர்டுல ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளி வச்சு, "எல்லா மேஜிக்கும் இங்கதான் நடக்குது"ன்னு சொல்லுவார். எல்லாரும் பலமா தலையாட்டுவோம். டீ, பிஸ்கட் முடிஞ்சதும் திரும்ப வட்டத்துக்குள்ளயே போய் உக்காந்து ஆணி புடுங்க ஆரம்பிச்சிடுவோம் :-)

நம்ம ஊர்ல இதை எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க. குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறவன், கிணத்துத் தவளை, செக்குமாடு... பட்டியல் பெருசு. ஆனா பாருங்க, எல்லாத்துலயும் திட்டு மட்டும்தான் இருக்கு, வழி இல்ல. தவளை எப்படிங்க வெளிய வரணும்? எத்தனை படி ஏறணும்? ஏறிப் பார்த்துட்டு பிடிக்கலைன்னா திரும்பி வரலாமா? வட்டம் போட்ட ட்ரெயினரும் இதைச் சொல்லல.

எனக்கு இதுக்குப் பதில் கிடைச்சது எங்க ஊர்ப் பக்கத்து பனியன் கம்பெனியிலேருந்து.

எனக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. மேற்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வந்து மூஞ்சில அடிக்கும். அதனால 'ஏழைகளின் ஊட்டி'ன்னு ஒரு பட்டப்பேரும் உண்டு. 2009 வரைக்கும் கோவை மாவட்டம், அதுக்கப்புறம் திருப்பூர் மாவட்டம். மாவட்டம் மாறுறதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க ஊர் ஆளுங்க பொழப்பு திருப்பூரோட பின்னிப் போச்சு. காலையில பனியன் கம்பெனி வேன் வந்து ஆளை ஏத்திட்டுப் போறது எங்க பக்கம் தினப்படி காட்சி.

எங்க சித்தப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில சாம்பிள் டெய்லரா இருந்தார். தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கம்பெனியில லைன்ல உக்காந்து தைக்கிறவங்க ஆளுக்கு ஒரு வேலைதான் செய்வாங்க. ஒருத்தர் தோள் மட்டும் கூட்டுவார், ஒருத்தர் கை மட்டும் வைப்பார், ஓவர்லாக் ஓட்டுறவர் வேற, பேட்லாக் ஓட்டுறவர் வேற, பக்கத்துல நின்னு மடிச்சுக் கொடுக்கிற கைமடி வேற. சாம்பிள் டெய்லர் மட்டும் ஒரு பீஸை முதல்லேருந்து கடைசி வரைக்கும் அவரே தைப்பார். வெளிநாட்டுக்காரன் ஒரு லட்சம் பீஸ் ஆர்டர் கொடுக்கிறதா இருந்தாலும், முதல்ல போறது அவர் தைக்கிற ஒன்றிரண்டு பீஸ்தான். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், அப்புறம் பி.பி. சாம்பிள்னு ஒவ்வொண்ணா அனுப்பி, அவங்க கழுத்து அரை இஞ்ச் குறைன்னு சொன்னா குறைச்சு, ஓகே வந்ததுக்கு அப்புறம்தான் கட்டிங் டேபிள்ல பல்க் துணிய விரிப்பாங்க. வெட்டின துணிய ஒட்டவைக்க முடியாதுல்ல.

சித்தப்பா சொல்லுவார்: "சாம்பிள்ல கோளாறு வந்தா கால் கிலோ துணி போச்சு. பல்க்ல வந்தா ஓனர் வீடு போச்சு." (பனியன் துணிய மீட்டர்ல இல்ல, கிலோவுலதான் கணக்குப் போடுவாங்க.)

திருப்பூரே இப்படி மெதுவா வளர்ந்த ஊர்தான். பல வருஷமா உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைச்சுக்கிட்டிருந்த ஊர். 1978-ல இத்தாலியிலேருந்து வெரோனான்னு ஒரு இறக்குமதியாளர் பம்பாய் வியாபாரிகள் மூலமா வெள்ளை டி-ஷர்ட் தேடிக்கிட்டு வந்தார். உள்ளூர் பனியன் தைச்ச கைக்கு முதல்ல வந்த வெளிநாட்டு வேலையும் வெள்ளை டி-ஷர்ட்தான். தெரிஞ்ச வேலையிலேருந்து ஒரே ஒரு எட்டு. கலர், பிரிண்ட், எம்ப்ராய்டரின்னு மத்ததெல்லாம் அடுத்தடுத்த எட்டு.

இதே மாதிரி எங்க ரோட்டுலயே இன்னொரு உதாரணம் ஓடியிருக்கு. நிஜமாவே ஓடியிருக்கு. ஜி.டி. நாயுடுவோட முதல் பஸ்!

கோவைக்காரங்களுக்கு அவரைப் பத்திச் சொல்லத் தேவையில்ல. 1893-ல கலங்கல் கிராமத்துல பிறந்தவர், பள்ளிக்கூடம் சரிப்படல. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயமுத்தூர் ஹோட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு வண்டிய வாங்கி, அக்குவேறு ஆணிவேறா கழட்டி மாட்டின கதை எல்லாரும் கேட்டதுதான். அதுக்கப்புறம் நடந்ததை அவ்வளவா யாரும் பேசுறதில்ல. திருப்பூர்ல பஞ்சு வியாபாரம் பண்ணி நல்லா சம்பாதிச்சார். பம்பாய் போய் பெரிய பஞ்சு வியாபாரிகளோட மோதிப் பார்த்தார். அது நடக்கல. ஊர் திரும்பினார்.

1920-ல மறுபடி ஆரம்பிச்சப்போ அவர் கையில இருந்தது ஒரே ஒரு பஸ். ஒரே ஒரு ரூட், பொள்ளாச்சி - பழனி. டிரைவரும் அவரேதான். பொள்ளாச்சியிலேருந்து பழனி போற ரோடு எங்க ஊர் வழியாத்தான் போகும். அறுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ்.னு நூத்துக்கணக்கான பஸ் ஓடுற கம்பெனியாச்சு. 1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவுல தயாரான முதல் மின் மோட்டார்னு போனார்.

எனக்குப் பிடிச்சது அந்த நூத்துக்கணக்கு இல்ல. பம்பாய்லேருந்து திரும்பி வந்த மனுஷன் "இதைவிடப் பெருசா ஒண்ணு பண்ணிக் காட்டுறேன்"னு கிளம்பாம ஒரு பஸ், ஒரு ரூட்டுன்னு ஆரம்பிச்சார் பாருங்க, அதுதான். தினமும் காலையில எடுத்தா சாயங்காலம் கலெக்‌ஷன் எண்ணிடலாம். இன்னிக்கு ஓடுச்சா ஓடலையான்னு அன்னிக்கே தெரிஞ்சுடும். அவரும் ஒரு சாம்பிள் பீஸ்தான் போட்டார்னு நான் எடுத்துக்கிறேன்.

சரி, சின்னதா, சீக்கிரம் முடியுறதா இருந்தா ஏன் வேலைக்காகுது? இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க.

1981-ல ஆல்பர்ட் பாண்டுரா, டேல் ஷங்க்னு ரெண்டு பேர், கழித்தல் கணக்குல வீக்கா இருந்த, கணக்குன்னாலே பிடிக்காத சின்னப் பசங்களை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. மொத்தம் 42 பக்கம் கணக்கு, 7 தடவை உக்காந்து போடணும். ஒரு குழுகிட்ட "ஒவ்வொரு தடவையும் 6 பக்கம் முடிக்கப் பாருங்க"ன்னாங்க. இன்னொரு குழுகிட்ட "ஏழாவது தடவை முடியுறதுக்குள்ள 42 பக்கமும் முடிக்கப் பாருங்க"ன்னாங்க. ஆறேழு நாப்பத்திரெண்டு, ரெண்டும் ஒரே அளவு வேலைதான். ஆனா 6 பக்கப் பசங்கதான் நல்லா முன்னேறினாங்க. கணக்கு மேல ஒரு ஆசையும் வந்துருச்சு. 42 பக்கப் பசங்க, இலக்கே இல்லாம விட்ட பசங்களைவிடப் பெருசா ஒண்ணும் சாதிக்கல. தூரத்துல இருக்கிற இலக்கும் இல்லாத இலக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

இன்னொண்ணு ரொம்பப் பழசு. 1908-ல யெர்க்ஸ், டாட்ஸன்னு ரெண்டு பேர் எலிகளுக்கு ரெண்டு பெட்டியில எது சரியான பெட்டின்னு பழக்கினாங்க. தப்பான பெட்டிக்குள்ள போனா லேசா ஷாக். வேலை கஷ்டமானதா இருந்தப்போ, ஷாக் ரொம்பக் கம்மியா இருந்தாலும் எலி மெதுவாத்தான் கத்துக்கிச்சு, ரொம்ப அதிகமா இருந்தாலும் மெதுவாத்தான் கத்துக்கிச்சு. நடுத்தரமா இருந்தப்போதான் சீக்கிரம் பிடிச்சுக்கிச்சு. ஆக, வட்டத்துக்கு வெளிய போகணும், ஆனா ஒரேயடியா தாண்டிக் குதிச்சா பயம்தான் மிஞ்சும், பாடம் மிஞ்சாது.

நம்ம தொழில்காரர் ஒருத்தர், கூகுள்ல வேலை பார்த்த மேட் கட்ஸ், 2011-ல டெட் மேடையில மூணு நிமிஷம் சொச்சம் பேசினார். 30 நாளைக்கு ஒரு புது வேலை, அவ்வளவுதான் விஷயம். ஒரு மாசம் தினம் 1,667 வார்த்தை எழுதி 50,000 வார்த்தையில ஒரு நாவலே முடிச்சாராம். நாவல் படு கேவலம்னு அவரே சொல்லிச் சிரிச்சார். அதனால என்ன, முடிச்சாருல்ல!

இனி என் சாம்பிள். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2018-ல இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர் போய், 2020 மார்ச்சுல லேப்டாப்போட ஊருக்கு வந்தவன். இப்ப மாசத்துல பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. எங்க வீடு இருக்கிறது ஒரு பி.ஏ.பி. வாய்க்கால் பக்கத்துல. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி திருமூர்த்தி அணைக்கு வந்து, நாலு மண்டலமா பிரிச்சு, முறை வச்சு விடுவாங்க. நம்ம மண்டலத்துக்கு முறை வந்தா வாய்க்கால் கரை தளும்ப ஓடும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அக்காவும் அவ பையனும் எங்க கூட வந்து இருக்க ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு அந்த அழகு தெரியுறதில்ல. பையனுக்கு அப்போ 6 வயசு. ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டான். எங்க வீட்டுல அஞ்சு பேர். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.

தண்ணி விட்ட அன்னிக்கே அம்மா வாசக் கதவுக்குத் தாழ் போட்டுட்டு, வாசல்லயே சேர் போட்டு உக்காந்துக்குவாங்க. தண்ணி நிக்கிற வரைக்கும் அவங்க பொழப்பு அந்த சேர்லதான்.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். 'நீச்சல் கத்துக்கணும்'னு இல்ல. அப்படித்தான் காலேஜ்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். 30 நாள், தோட்டத்துக் கிணறு, மாமா. அவ்வளவுதான். எக்ஸெல் ஷீட் போட்டேன் (பழக்கதோஷம்). அதுல நாலே நாலு வரி:

1 - 7: படியில உக்காந்து முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு 20 எண்ணணும்.
8 - 14: முதுகுல எண்ணெய் கேன் கட்டிக்கிட்டு மல்லாக்க 1 நிமிஷம் மிதக்கணும்.
15 - 22: கேன் இல்லாம படியிலேருந்து மோட்டார் பைப் வரைக்கும். 12 அடி.
23 - 30: சுவத்தைத் தொடாம கிணத்தை ஒரு சுத்து.

கார்த்திகை மாசம். ஐப்பசி மழை நல்லா பேஞ்சிருந்ததால தண்ணி மேலாப்புல கிடந்தது. காலையில 6:30-க்கு டிவிஎஸ் எக்ஸெல்ல தோட்டம், 7:15-க்கு வீடு, 9:30-க்கு ஆபீஸ் கால். மூணாவது நாள் வரைக்கும் என்னால 8-க்கு மேல எண்ண முடியல. தண்ணி ஜில்லுன்னு இருக்கிறது கூட பரவாயில்லைங்க. கீழே தரை இல்லைங்கிற நினைப்புதான் தாங்கல. படியைப் பிடிச்ச கை விரல் வெளுத்துப் போகும்.

மாமா படியில உக்காந்து வேப்பங்குச்சிய மென்னுக்கிட்டே பார்த்துக்கிட்டிருப்பார். ஒரு நாள் சொன்னார். "தரை இருக்குதான்னு உங்க காலு தேடுது பாருங்க மாப்ள. அந்தத் தேடறத நிறுத்திப் போட்டீங்கன்னா பாதி நீச்சல் வந்துருமுங்க."

ட்ரெயினர் வரைஞ்ச வட்டத்தைவிட இது எனக்கு நல்லாப் புரிஞ்சது. புது வேலை, புது ஊரு, மீட்டிங்ல எழுந்து பேசுறது, எல்லாத்துலயும் நான் பண்றது இதைத்தான். கால் தரையைத் தேடுது.

பதினோராவது நாள் மிதந்தேன். ரெண்டு காதும் தண்ணிக்குள்ள. மேல வட்டமா வானம், ஓரத்துல நாலு தென்னை மட்டை. என் மூச்சு சத்தம் எனக்கே யாரோ விடுற மாதிரி கேட்டுது. எழுந்து வந்ததும் மாமா "ரெண்டு நிமிசம் ஆச்சுங்" என்றார். கிணத்துத் தவளைன்னு திட்டுவாங்கல்ல, நான் கிணத்துக்குள்ள போய்த்தான் வெளிய வந்தேன் :-)

பதினேழாவது நாள் மோட்டார் பைப்பைத் தொட்டேன். முப்பதாவது நாள் முக்கால் சுத்துல மூச்சு வாங்கி சுவத்தைப் பிடிச்சுட்டேன். முழுச் சுத்து முப்பத்தி நாலாவது நாள்தான் வந்தது. ஷீட்ல அதை அப்படியே எழுதி வச்சிருக்கேன். முக்கால்னா முக்கால்தான்.

அன்னிக்கு ஒரு தெம்புல மாமாகிட்டக் கேட்டேன். "இனி பையன் வாய்க்கால்ல விழுந்தா நான் குதிக்கலாங்களா?"

"வேண்டாமுங் மாப்ள" என்றார். யோசிக்கவே இல்ல. "கெணத்துத் தண்ணி நின்ன தண்ணி. வாய்க்காத் தண்ணி இழுக்கிற தண்ணி. நீங்க இப்பத்தான் உங்களத் தூக்கப் பழகியிருக்கறீங்க. இன்னொருத்தரத் தூக்கிட்டு வாறது வேற வித்தைங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசத் தோணல. எதுக்காக ஆரம்பிச்சேனோ அது கைக்கு வரல. மாமாவே தொடர்ந்தார். "பையனைக் கூட்டிட்டு வாங்க. நீங்க போய்க் காப்பாத்தறதுக்கு, அவனே மெதக்கப் பழகிட்டான்னா தேவலைங்க."

இது ஷீட்ல இல்லாத வரி. முப்பத்தி நாலு நாள் தண்ணிக்குள்ள இறங்கலைன்னா எனக்கு இது தோணியே இருக்காது. தண்ணின்னாலே பயப்படுற ஒருத்தன் 6 வயசுப் பையனைக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போவானா? அக்காகிட்டத்தான் கேட்பானா?

அடுத்த கோடை லீவுல பையனோட 30 நாள். தண்ணி இறங்கிடுச்சு, நிறையப் படி இறங்கணும். மாமா தண்ணிக்குள்ள, நான் படியில, பையன் முதுகுல ரெண்டு கேன். அவனுக்கும் ஒரு ஷீட். ஆனா அவன் கால் தரையைத் தேடவே இல்ல. பத்து நாள்ல எனக்கு முப்பது நாள்ல வந்ததைப் பண்ணிட்டு, "மாமா, நீங்க ஏன் இவ்வளவு லேட்டு?"ன்னு கேட்டான். கடைசி நாள் கேன் இல்லாம ஒரு நிமிஷம் மல்லாக்க மிதந்து, அவனா படிக்கு வந்து சேர்ந்தான்.

இப்பவும் தண்ணி விட்டா அம்மா தாழ் போடுறாங்க. அதுல மாத்தம் இல்ல, இருக்கவும் கூடாது. ஆனா தாழ் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுறாங்க. வாசல்ல சேர் இல்ல.

இதுலேருந்து எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம் சொல்லிடறேன்:

1. எண்ண முடியுறதா எழுதுங்க. 'தைரியமா இருக்கணும்'னு எழுதினா எப்ப டிக் போடுறது? '20 எண்ணணும்'னா அன்னிக்கே தெரிஞ்சுடும்.

2. முடியுற தேதி போடுங்க. திருப்பூர்ல ஷிப்மென்ட் தேதி தவறினா சரக்கை ஃப்ளைட்ல அனுப்பணும், லாபம் அதுலயே போயிடும். தேதி இருந்தாத்தான் வேலை நடக்கும். இன்னொண்ணு, பயத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருக்குன்னு தெரிஞ்சா தாங்கிக்கலாம்.

3. 21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு நம்பாதீங்க. 1960-ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன், புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினது, ஊர் சுத்தி இப்படி ஆகிப்போச்சு. 2009-ல வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுல 96 பேரைக் கவனிச்சாங்க. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லேருந்து 254 வரைக்கும் போச்சு. அதனால 30 நாள்ங்கிறது பழக்கம் பண்றதுக்கு இல்ல. இது நமக்கு ஆகுமா ஆகாதான்னு பார்க்கிறதுக்கு.

4. முடிஞ்சதும் முடிவெடுங்க. ஓகேன்னா பல்க் போடுங்க. இல்லைன்னா ரிஜெக்ட். சாம்பிள் ரிஜெக்ட் ஆகுறது திருப்பூர்ல தினம் நடக்கிறது, யாரும் அழுறதில்ல. நான் நீச்சலுக்கு அப்புறம் விடியக்காலை 4:30-க்கு எழுந்திரிக்கிற சாம்பிள் ஒண்ணு போட்டேன். 30 நாளும் எழுந்திரிச்சேன், 30 நாளும் மத்தியானம் கோட் பார்த்துக்கிட்டே தூங்கினேன். ரிஜெக்ட். இப்ப நிம்மதியா 6 மணிக்கு எழுந்திரிக்கிறேன் :-)

அடுத்த சாம்பிள் போட்டாச்சு. தினமும் ஆபீஸ் கால்ல, யாரும் கேக்காமலே, நானா ஒரு கேள்வி கேக்கணும். இன்னிக்கு ஆறாவது நாள். மூணு நாள் கேட்டேன், மூணு நாள் கால் தரையைத் தேடிடுச்சு. இன்னும் 24 நாள் இருக்கு, பார்ப்போம்.

உங்க கையில இப்ப என்ன சாம்பிள் ஓடுதுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: நீச்சல் மேட்டர்ல மட்டும் தயவுசெஞ்சு தனியா இறங்காதீங்க. நல்லா நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும். கிணறு தெரிஞ்சா வாய்க்கால் தெரியும்னு அர்த்தமில்ல. மாமா சொன்னதுதான், அது இழுக்கிற தண்ணி.